முதுகில் எழுத்து, மனசில் ஏடு: அந்தகக்கவி வீரராகவர் மூளைக்குள் என்ன நடந்திருக்கும்?

தருமபுரி மாவட்டம், அரூரைத் தாண்டிப் போனால் சித்தேரி மலை. அங்கே ஒரு வீட்டில் மூணு மாசக் குழந்தை அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கிலுகிலுப்பையை ஆட்டினால் தலை திரும்புகிறது. ஆனால் சத்தமில்லாமல் எதிரே போய் நின்றால் கண் நிலைக்கவில்லை. போகப் போகச் சரியாயிடும் என்பார் பாட்டி. ஒரு வயசு ஆகட்டும், பார்க்கலாம் என்பார்கள் பக்கத்து வீட்டில். மலையிறங்கி அரூர் வந்து, அங்கிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போயிடும். அதனால் இன்னும் ஒரு மாசம் தள்ளிப்போகும்.

அந்த ஒரு மாசம் குழந்தையோட மூளை சும்மா காத்திருக்குமா? காத்திருக்காது. கண்ணிலிருந்து எதுவும் வரவில்லை என்றால், பார்வைக்காக ஒதுக்கிய இடத்தை அது வேறு வேலைக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். எந்த வேலைக்கு என்பது, அந்தக் குழந்தைக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊரிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஸ்கேன், நியூரான் என்ற பேச்செல்லாம் வருவதற்குச் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு புலவரின் வாழ்க்கை அது.

யார் இந்த அந்தகக்கவி?

பெயர் வீரராகவ முதலியார். அப்பா பெயர் வடுகநாதர். செங்கல்பட்டுப் பக்கம் உள்ள பொன்விளைந்த களத்தூரோடு சேர்த்துத்தான் இவரை இன்றும் சொல்வார்கள். பிறவியிலேயே பார்வை இல்லை. அந்தகன் என்றால் கண் தெரியாதவர். அந்தச் சொல்லே பட்டமாக ஒட்டிக்கொண்டு, அந்தகக்கவி ஆனார். இன்றைக்கு அப்படி ஒருவரைக் கூப்பிட மாட்டோம். ஆனால் அந்தக் காலத்தில் அது அவருடைய முகவரி மாதிரி. அரசவைகளில் அந்தப் பெயரைச் சொன்னாலே கவனித்தார்கள்.

இவர் எழுதியதாக நம் கையில் இருப்பவை கொஞ்சநஞ்சம் அல்ல. திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ், சேயூர்க் கலம்பகம், சந்திரவாணன் கோவை, திருவாரூர் உலா, இன்னும் ஏராளமான தனிப்பாடல்கள். சேயூர் என்பது இன்றைய செய்யூர். ஒரு புராணம் என்றால் நூற்றுக்கணக்கான பாட்டு. முன்னால் என்ன சொன்னோம், எங்கே விட்டோம் என்று ஏட்டைப் புரட்டிப் பார்க்க முடியாத ஒருவர் இத்தனையையும் கட்டியிருக்கிறார்.

அப்பா செய்த வேலை

கண் தெரியாத பையன் எப்படிப் படித்தார்? செவிவழியாக வந்த கதை ஒன்று உண்டு. அவருடைய முதுகில் விரலால் எழுத்தை எழுதிக் காட்டுவார்களாம். அ என்றால் அ-வின் சுழி, வளைவு, இறக்கம் எல்லாம் தோலில் ஓடும். இவர் அதை உணர்ந்து சொல்வார். இப்படி அரிச்சுவடி முழுவதையும் முதுகு வழியாகவே கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள்.

கேட்க வினோதமாக இருக்கலாம். நடக்கக்கூடியதா என்று கேட்டால், தாராளமாக நடக்கக்கூடியதுதான். இன்றும் நரம்பியல் டாக்டர்கள் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் ஒரு எண்ணை எழுதி, என்ன எண் என்று கேட்பார்கள். மூளை ஒழுங்காக வேலை செய்தால் சரியாகச் சொல்லிவிடலாம். முதுகில் ஒரு சிக்கல் உண்டு. விரல் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வைத்தாலும் இரண்டு என்று தெரியும். முதுகிலோ ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் தெரியும். அதனால் முதுகில் எழுத்து பெரிசாக இருக்கணும், மெதுவாக ஓடணும். சொல்லிக்கொடுப்பவருக்குப் பொறுமை வேணும்.

பொறுமை இருந்த ஒரு வீடு அவருக்குக் கிடைத்தது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். கண் இல்லாத பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு என்று ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தால், நமக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது.

இன்னொரு அதிர்ஷ்டம், அவர் பிறந்த காலம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்தை விட வாய்தான் அதிகம் வேலை செய்யும். வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். சொற்பொருள் அகராதியான நிகண்டுகூட செய்யுள் வடிவில்தான் இருந்தது. எதுகையும் மோனையும் அழகுக்காக மட்டும் வந்தவை இல்லை. அடுத்த அடி மறந்துபோகாமல் பிடித்து இழுக்கும் கொக்கிகளும் அவைதான். அறிவு முழுக்கக் காது வழியாகப் போகிற மாதிரி அடுக்கி வைத்திருந்த ஒரு சமூகத்தில், காது நன்றாக இருந்த ஒரு பிள்ளை பின்தங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பிற்காலத்தில் அவர் எழுதிய ஒரு சீட்டுக்கவியில் (அதாவது வள்ளல்களுக்குப் பாட்டாகவே அனுப்பும் கடிதம்) தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். ஏட்டில் எழுதாமல் மனசிலேயே எழுதிப் படித்த ஆள் நான் என்பது அதன் கருத்து. புலவர்களுக்கே உரிய பில்டப் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் விஞ்ஞானம் இப்போது கண்டுபிடித்திருப்பதைப் பார்த்தால், அவர் ரொம்ப மிகைப்படுத்தவில்லை என்றே தோன்றுகிறது.

சரி, மூளைக்குள் என்ன நடக்குது?

நாம் பார்ப்பது கண்ணால் மட்டும் இல்லை. கண்ணில் விழும் ஒளி நரம்பு வழியாகத் தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே உள்ள பகுதிக்குப் போகிறது. அங்கேதான் அது உருவமாகிறது. பிறந்த குழந்தையின் மூளையில் செல்களுக்கு இடையே இணைப்புகள் மளமளவென்று பெருகும். பார்வைப் பகுதியில் இந்தப் பெருக்கம் முதல் ஆண்டிலேயே உச்சத்துக்குப் போய்விடும். பிறகு, பயன்படுகிற இணைப்பு தங்கும், பயன்படாதது கழியும்.

1960-களில் அமெரிக்காவில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு பேர் பூனைக்குட்டிகளை வைத்து இதைக் காட்டினார்கள். பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணை மட்டும் மூடித் தைத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணால் பூனைக்குப் பார்க்கத் தெரியவில்லை. மூளையில் அதற்கான இடத்தை இன்னொரு கண் எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது பாதிப்பு வரவில்லை. வயதுதான் விஷயம். இருவருக்கும் 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. பூனைக்குட்டிகள் பட்ட பாடு மனசைப் பிசைகிறதுதான். ஆனால் குழந்தைகளுக்குக் கண்புரை இருந்தால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்ற இன்றைய நடைமுறைக்கு அந்த ஆய்வு பெரிய பலம் கொடுத்தது.

இரண்டு கண்ணும் தெரியாவிட்டால்? 1996-ல் வந்த ஓர் ஆய்வில், சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பிடரிப் பக்கத்துப் பார்வைப் பகுதி வேலை செய்துகொண்டிருந்தது. வெளிச்சமே பார்க்காத பகுதி, விரலின் தொடுதலைப் படித்துக்கொண்டிருந்தது.

அது சும்மா கூடவே மினுக்குதா, இல்லை நிஜமாகவே உதவுதா என்ற சந்தேகம் வருமில்லையா? அதற்கும் பதில் கிடைத்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத, பிரெயில் படிப்பதில் கெட்டிக்காரரான ஒரு பெண்மணிக்கு 60 வயதைத் தாண்டிய பிறகு பக்கவாதம் வந்தது. பாதிக்கப்பட்டது இரண்டு பக்கத்துப் பார்வைப் பகுதிகள்தான். நமக்கு அப்படி வந்தால் பார்வை போகும். அவருக்குப் போனது பிரெயில். விரலில் உணர்வு நன்றாக இருந்தது, புள்ளிகள் இருப்பது தெரிந்தது, ஆனால் படிக்க முடியவில்லை. 2000-ல் இந்தச் செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது.

2003-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வுதான் நம்ம புலவருக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் சொற்களை நினைவுபடுத்திச் சொல்லும்போது அவர்களுடைய பார்வைப் பகுதி வேலை செய்தது. அந்தச் சோதனையில் அவர்களின் சொல் நினைவு, பார்வை உள்ளவர்களை விட நன்றாகவும் இருந்தது. அதாவது அந்த இடம் மொழிக்கும் ஞாபகத்துக்கும் கிடைத்திருக்கிறது. வீரராகவர் மூளையை யாரும் ஸ்கேன் எடுக்கவில்லைதான். ஆனால் முதுகில் எழுத்து, காதில் பாட்டு, நாள் முழுக்க மனப்பாடம் என்று வளர்ந்த ஒரு மூளையில் அந்தக் காலி இடம் எதற்குப் போயிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டம் இல்லை.

முதுகு விஷயத்துக்கும் ஒரு ஜோடி இருக்கு. 1969-ல் அமெரிக்காவில் பால் பாக்-ஒய்-ரீட்டா என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பழைய பல் டாக்டர் நாற்காலியின் முதுகுப் பக்கத்தில் அதிரும் சிறு முனைகள் 400 பொருத்தினார். கேமரா பார்ப்பதை அந்த முனைகள் முதுகில் உருவமாகத் தட்டும். உட்கார்ந்தவர்கள் பார்வை இல்லாதவர்கள். பழகப் பழக, எதிரே இருப்பது டெலிபோனா, நாற்காலியா என்று சொன்னார்கள். கேமராவை அவர்களே கையால் திருப்பியபோதுதான் இது நன்றாக வந்தது. கொஞ்ச நாளில், முதுகில் ஏதோ தட்டுகிறது என்ற உணர்வு போய், பொருள் எதிரே இருப்பதாகவே உணர்ந்தார்கள். இந்த ஆய்வு நேச்சர் இதழில் வந்தபோது உலகமே வியந்தது. களத்தூர்ப் பக்கம் ஒரு விரலை வைத்துக்கொண்டே இதில் பாதியைச் செய்திருக்கிறார்கள்.

மூணு வயதில் போனால்?

பழநியில் 1836-ல் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு மூணு வயதில் அம்மை வந்து பார்வை போனது. வளர்ந்து ராமநாதபுரம் சமஸ்தானத்துப் புலவரானார். கேட்ட உடனே பாடும் ஆசுகவி. 1884-ல் மறைந்தார். வீரராகவர் மாதிரி இல்லாமல், மூணு வருஷம் உலகத்தைப் பார்த்தவர் இவர். ஆனாலும் மூளைக்கு அது சின்ன வயசுதான். 1999-ல் வந்த ஓர் ஆய்வு, 14 வயதுக்கு முன் பார்வை இழந்தவர்களிடம்தான் பார்வைப் பகுதி பிரெயில் படிக்க உதவுகிறது, அதற்குப் பிறகு இழந்தவர்களிடம் அப்படி இல்லை என்று காட்டியது. பிரெயிலைக் கண்டுபிடித்த லூயி பிரெயிலுக்கும் மூணு வயதில்தான் கண்ணில் அடிபட்டது.

இதை வைத்து, கண் போனால் தானாகவே காது கூர்மையாகும், ஞாபகசக்தி பெருகும் என்று நினைத்துவிடாதீங்க. சினிமாவில் அப்படிக் காட்டுவார்கள். மூளை இடத்தை மட்டும்தான் தரும். அதில் விளைவது பயிற்சியால்தான். பயிற்சி கொடுக்க ஆள் இல்லாத குழந்தைக்கு அந்த இடத்தால் ஒரு லாபமும் இல்லை.

இடம் மாறியதற்கு ஒரு விலையும் உண்டு. பேராசிரியர் பவன் சின்ஹா வட இந்தியாவில் நடத்தும் ப்ராஜெக்ட் பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேரின் அனுபவம் 2011-ல் வெளியானது. கையால் தொட்டு அறிந்த பொருளை, பார்வை வந்த உடனே கண்ணால் அடையாளம் காண முடியுமா? முடியவில்லை. சில நாட்களில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் இவ்வளவு தாமதமாக வரும் பார்வை பல பிள்ளைகளுக்குக் கூர்மையாக வருவதில்லை. பார்வைக்கான கட்டுமானம் நடக்க வேண்டிய மாதங்கள் போய்விட்டன.

காது கேட்காத குழந்தைக்கு ஆபத்து வேற

வீரராகவருக்குக் காது இருந்தது. யாரும் தனியாக முயற்சி எடுக்காவிட்டாலும், அம்மாவின் தாலாட்டிலிருந்தே தமிழ் அவருக்குள் போயிருக்கும். காது கேட்காமல் பிறக்கும் குழந்தைக்கு அப்படி இல்லை. அது சிரிக்கும், ஓடும், எல்லாம் செய்யும். வெளியே ஒன்றும் தெரியாது. ரெண்டு வயசில் பேச்சு வரவில்லை என்றால், உங்க மாமாவும் லேட்டாத்தான் பேசினார் என்று சமாதானம் சொல்லிவிடுவோம். அதற்குள் மொழிக்கான முக்கியமான காலம் ஓடிக்கொண்டிருக்கும்.

காக்ளியர் இம்பிளான்ட் வைத்த குழந்தைகளை ஆராய்ந்ததில், மூணரை வயதுக்குள் வைத்தவர்களிடம் மூளையின் கேட்கும் பகுதி பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தது. ஏழு வயதுக்குப் பிறகு வைத்தவர்களில் பெரும்பாலோரிடம் அப்படி வளரவில்லை. கேட்கும் பகுதியை அதற்குள் பார்வையும் தொடுதலும் பங்கு போட்டிருந்தன. சைகை மொழியும் முழுமையான மொழிதான். சின்ன வயதிலிருந்தே அதைக் கற்ற பிள்ளைகளுக்கு மொழி வளர்ச்சி தடைபடுவதில்லை. சைகையும் இல்லாமல், சத்தமும் இல்லாமல் போகிற வருஷங்கள்தான் திரும்பி வராதவை.

இங்கே ஒரு கசப்பான விஷயம். அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது இன்னும் அதிகமாக நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தருமபுரி, சேலம் பக்கம் சொல்லவே வேண்டாம். சொந்தத்தில் கல்யாணம் செய்தாலே குழந்தைக்குக் குறை வரும் என்பது இல்லை. ஆனால் பிறவிச் செவித்திறன் குறைபாட்டின் சில பரம்பரை வகைகளுக்கு வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட குடும்பங்களில் குழந்தை பிறந்தால், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே காதைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சின்னக் கருவியை வைத்து, சில நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். வலி எதுவும் இல்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் இம்பிளான்ட் செய்யலாம். ஆறு வரை சலுகை இருக்கே என்று ஆறு வரை காத்திருக்கக் கூடாது என்பதைத்தான் மூணரை வயசுக் கணக்கு சொல்லுது.

கண்ணுக்கு இன்னும் அவசரம். குழந்தையின் கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தால், மூணு மாசத்தில் முகத்தைப் பார்த்துப் பின்தொடராவிட்டால், கண் ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தால், உடனே காட்ட வேண்டும். பிறவிக் கண்புரைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் நல்ல பலன். 34 வாரத்துக்கு முன்பே அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையின் விழித்திரையை 30 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். சித்தேரி வீட்டில் தள்ளிப்போட்ட ஒரு மாசத்தின் கணக்கு இதுதான்.

யாழ்ப்பாணம் போன புலவர்

மறுபடி வீரராகவரிடம் வருவோம். அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்தவர் இல்லை. ஊர் ஊராக நடந்தார். வழியில் கட்டுச்சோற்றை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓட, பசியோடு அதையே வேடிக்கையாகப் பாடிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கும் போனார். அங்கே அரசன் பரராசசேகரன் இவருடைய பாட்டில் மயங்கி யானையும் பொன்னும் ஊரும் கொடுத்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. பரராசசேகரன் என்பது ஒரு ஆளின் பெயர் இல்லை, யாழ்ப்பாண அரசர்கள் மாறி மாறி வைத்துக்கொண்ட பட்டப்பெயர். அந்த அரசு 1619-ல் போர்ச்சுகீசியர் கையில் விழுந்தது. எனவே இந்தப் பயணம் நடந்திருந்தால் அதற்கு முன்புதான் நடந்திருக்க வேண்டும். இவரைப் பொதுவாகப் 17-ஆம் நூற்றாண்டு என்று சொல்வதோடு இதைச் சேர்த்தால், அந்த நூற்றாண்டின் ஆரம்பம் என்று வைக்கலாம்.

அந்த அவையோடு சேர்த்துச் சொல்லப்படும் நூல் திருவாரூர் உலா. உ.வே.சாமிநாதையர் அதை 1905-ல் அச்சில் கொண்டுவந்தார். உலா என்பது என்ன தெரியுமா? இறைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் அவனைப் பார்ப்பார்கள், மயங்குவார்கள். முழுக்க முழுக்கப் பார்ப்பதைப் பற்றிய இலக்கியம். மாடத்திலிருந்து பார்ப்பது, சன்னல் வழியாகப் பார்ப்பது, கூட்டத்தில் எட்டிப் பார்ப்பது.

ஒரு நிறத்தைக்கூட வாழ்நாளில் பார்க்காத ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பவளம் சிவப்பு, கொன்றை மஞ்சள், மேகம் கறுப்பு என்பதெல்லாம் அவருக்கு மொழி வழியாகவே வந்தவை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் எந்த நிறம் எதற்கு நெருக்கம் என்று பேச்சிலிருந்தே தெரிந்துவைத்திருப்பதை இன்றைய ஆய்வுகளும் பார்த்திருக்கின்றன. யாழ்ப்பாணத்து அவையில் கண் உள்ளவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து, திருவாரூர் வீதியை அவர் சொல்லச் சொல்லப் பார்த்திருப்பார்கள்.